குண்டானில் இருந்தது ஹைட்ரஜன் அல்ல

† சேசு மரி சூசை துணை

வடக்குத்து,
கல்லறைத் திருநாள் கழிந்த திங்கட்கிழமை, 2001

மகா கனம் பொருந்திய காப்புரிமைப் பரிசோதனை அதிகாரி அய்யா அவர்கள் சமூகத்துக்கு, அலுமினியப் பட்டறை பாக்கியசாமியின் தாயார் சூசையம்மாள் வணக்கத்துடன் தெரிவித்துக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் பிள்ளைகுட்டிகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். என் சுகத்தைச் சொல்ல ஆரம்பித்தால் காகிதம் அதிலேயே தீர்ந்துவிடும். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது, படிப்பும் கையெழுத்தோடு சரி. அதனால் நான் சொல்லச் சொல்ல மருமகள் எவாஞ்சலின் எழுதுகிறாள். அவள் டீச்சர். எழுத்தில் பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள். செய்தியில் பிழை இருக்காது, நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

விஷயம் என்னவென்றால், உருக்கிய அலுமினியத்துக்குள் அடைந்துகிடக்கும் வாயுவை வெளியேற்றும் முறை என்று என் மகன் தங்களிடம் போட்ட விண்ணப்பத்தைத் தாங்கள் பரிசோதித்து ஆட்சேபணை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அது வந்த நாளிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. பட்டறையில் வேலை செய்யும் அய்யனார் தங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான், அதை எழுதவேண்டாம் என்று எவாஞ்சலினிடம் சொல்லியிருக்கிறேன். இந்த வீட்டில் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான். அய்யா அவர்கள் தயவுசெய்து அந்த விண்ணப்பத்தைத் தள்ளிவிடவேண்டும். பெற்ற தாயே இப்படிக் கேட்கலாமா என்று தாங்கள் நினைப்பீர்கள். முழுவதும் படித்துவிட்டு நினையுங்கள்.

அலுமினியம் உருகிக்கிடக்கும்போது ஈரக்காற்றிலிருந்து வாயு அதற்குள் போய்விடுமாம். பாத்திரமாக இறுகும்போது வெளியே வர வழியில்லாமல் ஊசிமுனை ஊசிமுனையாக ஓட்டை நின்றுவிடும். அப்படிப்பட்ட குண்டானில் ரசம் வைத்தால் அடுப்புதான் குடிக்கும். அதற்காக இவன் துளை போட்ட கரிக்குழாய் ஒன்றை உருகினதுக்குள் இறக்கி, நைட்ரஜனை ஊதி, குழாயைச் சுற்றவிடுகிறான். பொடிக் குமிழியாகக் கிளம்பி வருகிற நைட்ரஜன், உள்ளே இருக்கும் ஹைட்ரஜனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடும் என்கிறான். சுற்றுகிற மோட்டார் என் கிரைண்டருடையது. உளுந்து பாதி அரைபட்டுக்கொண்டிருந்தபோது கழற்றிக்கொண்டு போனான். அன்றைக்கு இட்லி கல்லு மாதிரி வந்ததும், அதைத் தின்றுகொண்டே அய்யனார் சிரித்ததும் எனக்கு மறக்கவில்லை. சுற்றுகிற குழாய் வெளிநாட்டில் எப்போதோ வந்துவிட்டது என்று தாங்கள் எழுதினீர்கள். என்னுடையது ஒரு பக்கம் சுற்றி, நின்று, மறுபக்கம் திருப்பிச் சுற்றும், அதனால் நடுவில் சுழி விழாது, அது வேறெங்கும் இல்லை என்று இவன் பதில் போட்டான். தாங்கள் விடவில்லை. திருப்பிச் சுற்றுவதால் கூடுதலாக என்ன வெளியே வருகிறது, அதற்கு ஆதாரம் காட்டு என்று கேட்டுவிட்டீர்கள்.

தம்பி, உங்களை நான் பார்த்ததில்லை. ஆனால் இத்தனை பேரில் சரியான கேள்வி கேட்டவர் நீங்கள் ஒருத்தர்தான். பதில் எனக்குத் தெரியும். வெளியே வருவது என் ஓரகத்தி அன்னாள்.

அன்னாள் என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்சாதி. செத்துச் சில வருஷமாகிறது. எங்கள் ஊர் நிலம் நிலக்கரி மைன்ஸுக்குப் போனபோது ஒன்றாயிருந்த குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. சாமான் பங்கு போட்ட அன்றைக்கு நான் பாக்கியசாமிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, என் அம்மா எனக்குச் சீராகக் கொடுத்த அலுமினியக் குண்டானைத் தூக்கிக்கொண்டு பண்ருட்டிக்கு பஸ் ஏறிப்போய், பாத்திரக்கடையில் தன் பெயரை வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ம. அன்னாள் என்று கழுத்தோரத்தில், புள்ளி புள்ளியாக. பெயர் வெட்டின பாத்திரத்தை உலகத்தில் யார் திருப்பி வாங்கியிருக்கிறார்கள்? பெரியவர்களைக் கூட்டிவைத்துக் கேட்டேன். "பேரு யாரு பேருன்னு நீங்களே பாத்துக்குங்க மாமா. எனக்கு இன்னா, எழுதப் படிக்கத் தெரியாதவள ஏமாத்தணும்னு வேண்டுதலா?" என்று என்னைக் காட்டிச் சொன்னாள். அவளுக்கு நாக்கு அப்படி. தூக்கத்தில்கூடப் பேசுவாள். அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். சாவுக்குப் போனேன், மாலை போட்டேன், அழவில்லை.

போன ஆடியில் பழைய சாமான்காரன் கொண்டுவந்து கொட்டின மூட்டையில் அந்தக் குண்டான் இருந்தது. கண்ணுக்குத்தான் மங்கல், விரலுக்கு மங்கல் இல்லை. கழுத்தைத் தடவினதுமே தெரிந்துவிட்டது.

"இன்னா ஆயா, அந்தக் குண்டானையே தடவிக்கினு நிக்கிறீங்க? வேணும்னா வூட்டுக்கு எடுத்துக்கினு போங்களேன்" என்றான் அய்யனார்.

"அவ பேரு இருக்கற சாமான் என் வூட்டுக்கு எதுக்குடா? உலையில போடு. மொதல்ல இதப் போடு."

போட்டான். பெயர் உருகுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன், மனசுக்கு அவ்வளவு குளிர்ச்சி. அன்றைக்கென்று பார்த்துத்தான் பாக்கியசாமி முதல்முறையாக மோட்டாரைத் திருப்பிச் சுற்றவிட்டான். ஒரு பக்கம் சுற்றினபோது எப்போதும் வருகிற சத்தம்தான், சோறு கொதிக்கிற மாதிரி. நின்றது. மறுபக்கம் திரும்பினது. கொதி அடங்கிவிட்டது. மைன்ஸில் கரி சுமந்து ராப்பகலாக ஓடுகிற பெல்ட்டின் இரைச்சல் எங்கள் ஊரில் யார் காதிலும் விழுவதில்லை, பழகிப்போனது. அன்றைக்கு அது நின்றுபோன மாதிரி இருந்தது, அப்போதுதான் இத்தனை நாள் அது கேட்டுக்கொண்டிருந்ததே தெரிந்தது. உருகினது ஆடாமல் கண்ணாடி மாதிரி நின்றதாக அய்யனார் பிறகு சொன்னான். அப்புறம், வெகுநேரம் தண்ணீருக்குள் முங்கிக்கிடந்தவர் தலை தூக்கினால் எப்படி மூச்சு இழுப்பாரோ, அப்படி ஓர் இழுப்பு. ஒன்றே ஒன்று. பட்டறை நாய் எழுந்து ரோட்டைப் பார்க்கப் போனது, இன்னும் வரவில்லை.

"பாத்தியாம்மா, கேஸு சுத்தமா போயிடுச்சி" என்றான் பாக்கியசாமி.

"போவலடா. வந்திருக்குது."

அவன் காதில் வாங்கவில்லை. தங்களுக்கு அனுப்பவேண்டும் என்று அந்த உலையிலிருந்து ஒரு துண்டு வார்த்து, அறுத்து, தேய்த்துக் கொண்டுவந்தான். முன்பு வார்த்த துண்டெல்லாம் ரவை கொட்டின மாதிரி ஓட்டை. இது வழவழவென்று இருந்தது. ஒரே ஒரு ஓரத்தில் மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது. தடவினேன். ம. அன்னாள்.

"அது கேஸும்மா. மிச்சம் மீதி நின்னுக்கினு இருக்குது."

"மிச்சம் மீதி இனிஷியலோட நிக்குமாடா?"

அந்த ஓரத்தை அரம் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் தங்களுக்கு அனுப்பியிருக்கிறான். தங்கள் மேசையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், ஒரு மூலை மட்டும் அதிகமாகத் தேய்ந்திருக்கும்.

மறுநாளிலிருந்து வீட்டுக்குள் ஆரம்பித்தது. உப்புச் சாடி இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போனது. அன்னாள் வலப்பக்கம்தான் வைப்பாள். ஊறவைத்த புளி, நான் போவதற்குள் கரைத்துச் சக்கையைப் பிழிந்து வைத்திருக்கிறது. கதவுத் தாழ்ப்பாள் உள்ளேயிருந்து திறக்கிறது. செபமாலை சொல்ல உட்கார்ந்தால், நான் ஒரு மணியை விடுவதற்கு முன்பே அடுத்த மணி என் விரலுக்குள் வந்து நிற்கிறது, அவசரப்படுத்துகிற மாதிரி. இதெல்லாம் போகட்டும் தம்பி. என் சொம்பின் கழுத்தில் புள்ளி. என் வடிதட்டில் புள்ளி. என் தோசைக்கரண்டிக் காம்பில்கூட இடம் கண்டுபிடித்து வெட்டியிருக்கிறாள். ஒவ்வொரு தடவை பாக்கியசாமி மெஷினைத் திருப்பிச் சுற்றுகிற மறுநாளும் ஒரு சாமான் என்னை விட்டுப் போகிறது.

"அத்த, எலியா இருக்கும்" என்றாள் எவாஞ்சலின்.

"எலி புளி கரைக்குமாடி டீச்சரம்மா?"

அவள் எலிப்பொறி வாங்கி வந்து வைத்தாள். இப்போதும் பாருங்கள், அவளைப் பற்றிச் சொல்லும்போதுகூட மறுபேச்சுப் பேசாமல் எழுதிக்கொண்டிருக்கிறாள். அந்த விதத்தில் தங்கமான பெண். ஆனால் எனக்குப் பயம் கொடுப்பது புளியும் புள்ளியும் அல்ல. அன்னாள் இந்த வீட்டுக்குள் வந்து இத்தனை நாளாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. உயிரோடு இருந்தபோது அவள் வாய் மூடி நான் பார்த்ததில்லை. பேசாமல் இருக்கிறாள் என்றால் எதற்கோ காத்திருக்கிறாள்.

கோயிலுக்குப் போய் சாமியாரிடம் சொன்னேன். "மோட்சத்துக்குப் போக முடியாம உத்தரிக்கிற ஸ்தலத்துல தவிக்கிற ஆத்துமாவா இருக்கும்மா. இது ஆத்துமாக்கள் மாசம். ஒரு பூசை ஒப்புக்கொடுங்க, கரையேறிடும்" என்றார்.

"கரையேறினா நேரா மோட்சத்துக்குப் போயிடுவா சாமி. நாளைக்கு நானும் அங்கதான வரணும்?"

சாமியார் கோயில் பூட்டைத் தேடப் போய்விட்டார்.

ஆகவே தம்பி, இப்போது என்னைக் காப்பாற்றக்கூடியவர் தாங்கள்தான். அடுத்த வாரம் என் மகனை நேர் விசாரணைக்கு வரச்சொல்லியிருக்கிறீர்கள். அதற்குப் புதுத் துண்டுகள் வார்க்கவேண்டும், மூன்று உலை தொடர்ந்து திருப்பிச் சுற்றப்போகிறேன் என்கிறான். "ரிஜெக்ட் ஆனா மெஷினப் பிரிச்சிப் போட்டுட்டு மோட்டார உன் கிரைண்டர்லயே மாட்டிடறேம்மா" என்று என் தலைமேல் கைவைத்துச் சொல்லியிருக்கிறான், அவன் சொன்னால் செய்வான். காப்புரிமை கிடைத்துவிட்டால் இந்த முறையைக் கோயம்புத்தூர் வரைக்கும் கொண்டுபோவான். ஊர் ஊருக்கு எத்தனை குண்டான், எத்தனை பெயர், எத்தனை ஓரகத்தி. வாயுவை வெளியேற்றலாம், வெளியே வந்ததை எங்கே வைப்பது என்று அவன் விண்ணப்பத்தில் ஒரு வரி இல்லை. அந்த ஒரு குறை போதும் தள்ளுவதற்கு. விசாரணை வரைக்கும் காத்திருக்காமல் இந்தக் கடிதம் கண்டதும் முடிவை எழுதிவிடுங்கள்.

தங்கள் கண்ணுக்கு என்றும் தெளிவும், தங்கள் வீட்டம்மாவுக்குப் பங்காளிச் சண்டை இல்லாத அடுக்களையும், பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுசும் ஆண்டவர் கொடுப்பாராக. வேளாங்கண்ணி மாதா துணை நிற்பாராக.

இப்படிக்குத் தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
சூசையம்மாள்

பின்குறிப்பு: அய்யா, இதை எழுதுவது எவாஞ்சலின் இல்லை. முதல் பத்தி முடிவதற்குள் அவளுக்குப் பள்ளிக்கூட நேரமாகிவிட்டது, "மிச்சத்த சாயங்காலம் எழுதலாம் அத்த" என்று சொல்லிவிட்டு வண்டியெடுத்துக்கொண்டு போய்விட்டாள். சூசை பேச ஆரம்பித்தால் பிறர் பேச்சு அவள் காதில் விழாது. பேனா சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை குறைக்கவில்லை, என்னைத் திட்டினதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். ஆனால் அத்தனையும் பொய். அந்தக் குண்டான் என் அம்மா எனக்கு வாங்கிக்கொடுத்தது. ஆகவே விண்ணப்பத்தைத் தள்ளவேண்டாம். திருப்பிச் சுற்றினால் என்ன வருகிறது என்று ஆதாரம் கேட்டீர்களே, இந்தக் கையெழுத்தையே ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு வலது கை மட்டும்தான் வந்திருக்கிறது. பாக்கியசாமி அந்த மூன்று உலையையும் சுற்றிவிட்டால் வாயும் வந்துவிடும். அதற்குமேல் அவளுக்குச் சொல்லவேண்டியதை நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

ம. அன்னாள்