கராடியில் உருகிய வான்கோழி

அமெரிக்காவில் ஒரு வான்கோழி உருகிவிட்டால், அதைச் சமைக்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் புனே நகரத்தில், கராடியில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தது. இது பலருக்குத் தெரியாது. அமெரிக்கர்களுக்கே தெரியாது. பக்கத்து ஊரில் யாரோ அனுபவசாலி உட்கார்ந்து பதில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

பதில் சொன்னவர் சங்கரன். பூர்வீகம் மாயவரம். முட்டை கலந்த கேக்கைக்கூட மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பவர். பதவி, முதுநிலை உருகல் ஆலோசகர், தற்காலிகம்.

கார்த்திகை பிறந்து இங்கே பாதிப் பேர் மாலை போட்டுக்கொள்ளும் சமயத்தில், அங்கே நாடு முழுக்க வான்கோழி சமைக்கும் பண்டிகை வரும். உறைய வைத்த பறவையை வாங்கி வருவார்கள். அது உருகும். உருகியதும் பயம் வரும். உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கூப்பிடுவார்கள். சங்கரன் திரையில் இருக்கும் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்பார். திரை பச்சையானால் சமைக்கலாம், சிவப்பானால் எறிய வேண்டும். அவர் குரலைக் கேட்டால், ஏழெட்டு வான்கோழிகளையாவது வளர்த்து ஆளாக்கியவர் என்று தோன்றும். வாழ்க்கையில் ஒரு வான்கோழியைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை.

பண்டிகைக் காலம் முடிந்து தை பிறப்பதற்குள் அவருடைய நுழைவு அட்டை செத்துப்போகும். மிச்சச் சம்பளக் கணக்கைக் கேட்கப் போனால், அதுவரை சலாம் போட்ட வாட்ச்மேனே, "கோண் பாஹிஜே?" என்று கேட்பான். யார் வேண்டுமாம்! இந்த வருஷமாவது நிரந்தரம் ஆகிவிட வேண்டும் என்று வீட்டில் நீலா பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டிருந்தாள். மேனேஜர் தேஜஸ் சிபாரிசு எழுதி வைத்துவிட்டான். அமெரிக்கக் கம்பெனியின் துணைத்தலைவர் வாரன் துரை வந்து தலையை ஆட்டினால் போதும்.

அவர் செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது. வருவதற்கு முன் ஒரு வான்கோழியை அனுப்பி வைத்தார். 'இத்தனை ஆண்டுகள் எங்கள் பறவைகளைக் காத்த குழுவினரோடு அமர்ந்து ஒரு பறவையை உண்ண விரும்புகிறேன்' என்று உடன் ஒரு வாழ்த்தும் வந்தது. பறவை கல்லு மாதிரி இருந்தது. அதற்கென்றே ஒரு குளிர்பெட்டி வாங்கி, ரிப்பன் வெட்டி, உள்ளே வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்தின் பசுமைக் குழு தன் கடமையைச் செய்தது. 'பூமிக்கு ஓய்வு' என்று ஒரு திட்டம். சனி ஞாயிறு இரண்டு நாளும் எல்லா ப்ளக்கையும் பிடுங்கி வைத்துவிட வேண்டும். திட்டத்துக்குப் பரிசுகூடக் கிடைத்திருந்தது. பூமி ஓய்வெடுத்தது. வான்கோழியும் ஓய்வெடுத்தது.

திங்கட்கிழமை மத்தியானம் கேண்டீன்காரர் அமல்ராஜ் வந்து நின்றார். புனேயின் கட்கிப் பகுதிக்காரர். பிரியாணியில் பேர் வாங்கியவர்.

"சார், உங்க பறவை குளிச்சு முடிச்சிருக்கு. வந்து துவட்டி விடுங்க."

போய்ப் பார்த்தால் தரையெல்லாம் தண்ணீர். பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கைக்குட்டையை எடுத்தார்கள். ஏன் எடுத்தோம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

தேஜஸ் சங்கரனை ஓரமாக அழைத்துப் போனான். புனேயிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழ் கொஞ்சம் நொண்டும்.

"அங்கிள், இது சேஃப்னு சொல்லிடுங்க, ப்ளீஸ். இல்லேன்னா ப்ளக் மேட்டர் வெளிய வரும். பசுமைக் குழுவுக்கு நான்தான் சேர்மன், தெரியும்ல, மாலூம் ஹை ந? அப்புறம் உங்க பர்மனெண்ட் பேப்பர்... அதுலயும் நான்தான் சைன் பண்ணணும்."

"சேஃப்னு நான் எப்படிப்பா சொல்றது?"

"டெய்லி சொல்றீங்களே!"

"அது போன்ல கேக்கறவாளுக்கு. யாராவது கூப்பிட்டாத்தான் எனக்குத் திரை திறக்கும். திரை திறந்தாத்தான் எனக்கு அதிகாரம்."

தேஜஸ் யோசித்தான். இதிலிருந்த நியாயம் அவனுக்கு உடனே பிடிபட்டது. ஆகவே, மேற்படி பறவையின் சார்பாக யாராவது அமெரிக்காவுக்குப் போன் போடுவது என்று தீர்மானிக்கப்பட்டது. சங்கரனுக்குப் பக்கத்து நாற்காலியில் வேலை செய்யும் வைஷு வாடிக்கையாளராக நியமிக்கப்பட்டாள். பறவையைத் தூக்கிக் கேண்டீன் மேஜைமேல் வைத்தார்கள். திங்கட்கிழமையும் பசுமைதான் என்பதால் ஏசி ஓடவில்லை. கண்ணாடிச் சுவருக்கு இந்தப்பக்கம் வைஷு, அந்தப்பக்கம் காதில் ஹெட்போனோடு சங்கரன். ஒருவர் மூக்கை ஒருவர் பார்க்கலாம்.

போன் அமெரிக்கா போய்த் திரும்பி வந்தது. முதலில் பின்கோடு கேட்டது. கராடியின் பின்கோட்டில் ஓர் எண் அதிகம், இயந்திரம் ஒத்துக்கொள்ளவில்லை. வைஷு ஓஹையோவில் ஓர் ஊருக்குக் குடிபோனாள். பிறகு, "உங்கள் பறவை எங்களுக்கு முக்கியமானது" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. சங்கரன் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் பாட்டு முடியாமல் இணைப்பு வராது. கையை விரித்துக் காட்டினார். மேஜையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

கடைசியில் இணைப்பு வந்தது. போனில் சங்கரனுக்குப் பெயர் வேறு.

"வணக்கம், என் பெயர் சாம். தங்கள் பண்டிகை இனிதாகட்டும். இன்று தங்கள் பறவைக்கு என்ன நேர்ந்தது?"

"உருகிடுச்சு, சாம்."

"கேட்க மிகவும் வருத்தமாக இருக்கிறது. குளிர்பெட்டிக்கு உள்ளே உருகியதா, வெளியே உருகியதா?"

"உள்ளதான். ஆனா குளிர்பெட்டி ஓடல."

திரையில் உள்ளே, வெளியே என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. சங்கரன் 'உள்ளே' என்பதைத் தொட்டார். லேசாகப் பச்சை எட்டிப் பார்த்தது. தேஜஸ் கைதட்டினான்.

"எப்போதிலிருந்து உருகுகிறது?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ளக்கை..." என்று ஆரம்பித்த வைஷு, தேஜஸின் முகத்தைப் பார்த்துவிட்டு, "தூங்கிட்டிருந்தேன், சாம். தெரியல," என்றாள்.

"நன்று. கடைசிக் கேள்வி. பறவையின் உட்குழியில் கையை விட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருக்கிறதா, வெதுவெதுப்பாக இருக்கிறதா?"

வைஷு அமெரிக்க உச்சரிப்பைக் கைவிட்டாள். "ஐயே, நான் மாட்டேன் சார்! நாளைக்கு எங்க சித்தி பொண்ணு கல்யாணம். கையில மெஹந்தி."

"அமல்ராஜ், நீங்க பாருங்கோ."

"எழுத்துல ஆர்டர் குடுங்க, தோள் வரைக்கும் விடறேன். இல்லேன்னா விட்டுடுங்க, நான் மசாலா போட்டு மூடிடறேன். எங்க மசாலாவுக்குள்ள போனா எந்தப் பறவைக்கும் வயசு தெரியாது."

"தேஜஸ்?"

"நான் வீகன், அங்கிள்."

"எப்போலேருந்து?"

"போன மாசத்திலேருந்து. எங்க கமிட்டில எல்லாரும் மாறிட்டோம்."

சங்கரன் வைஷுவின் அழைப்பைக் காத்திருப்பில் போட்டார். அதற்கும் பாட்டு ஓட ஆரம்பித்தது. எழுந்து கண்ணாடிச் சுவரைச் சுற்றிக்கொண்டு மேஜைக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து லிஃப்ட் திறந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் புன்னகையோடு நின்றார். வாரன் துரை ஒரு நாள் முன்னாலேயே வந்து ஆச்சரியப்படுத்துகிறாராம். மூன்றடி வைத்தார். புன்னகை அப்படியே இருந்தது, மூச்சுதான் நின்றது.

"ஆகா, நம் பறவை! சமைக்கலாம் அல்லவா?" என்றார்.

எல்லோரும் சங்கரனைப் பார்த்தார்கள். துரையின் முதுகுக்குப் பின்னால் நின்று தேஜஸ் தலையைப் பலமாக ஆட்டினான், ஆமாம் சொல்லுங்கள் என்று. ஒரு ஆமாம் சொன்னால் போதும், தையில் அட்டை சாகாது. ஒரு ஆமாம் சொன்னால் நாளைக்கு இந்த மாடி மொத்தமும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும். சங்கரனுக்குத் திடீரென்று போனில் கூப்பிட்ட கிழவிகளின் ஞாபகம் வந்தது. முகம் தெரியாத ஊர்களில், தன் பேச்சை நம்பி, சமையலறையில் தனியாக நின்று சில்லென்ற பறவைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் விட்ட கை. இவர் விடாத கை.

சட்டைக் கையை மடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு "சிவ சிவா" என்று உள்ளே விட்டார்.

வெதுவெதுவென்று இருந்தது.

"கூடாது," என்றார். "தூக்கிப் போடுங்கோ."

அந்த மாடியில் திரையைப் பார்க்காமல் சொல்லப்பட்ட முதல் தீர்ப்பு அதுதான். காத்திருப்பில் போட்ட பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

வாரன் துரை பெருமூச்சு விட்டார். "லிஃப்டிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது," என்றார்.

"எனக்கும் மத்தியானமே வந்திச்சு," என்றான் தேஜஸ்.

"பெட்டியைத் திறக்கறப்பவே நான் நினைச்சேன்," என்றாள் வைஷு.

ஆக, மூக்கு எல்லோருக்கும் இருந்திருக்கிறது.

துரை நெகிழ்ந்துபோனார். தங்கள் தலைமை அலுவலகத்திலேயே பறவையைத் தொட்டுச் சொல்லும் ஆள் கிடையாது என்றும், இப்படி ஒருவரைத் தற்காலிகமாக வைத்திருப்பது பாவம் என்றும் சொன்னார். அந்த வாரமே உத்தரவு வந்தது. சங்கரன் நிரந்தரம். பதவி, தலைமைத் தொட்டறி அலுவலர். தேஜஸும் பிழைத்துக்கொண்டான். விசாரணை அறிக்கையில், பறவை உருகியதற்குக் காரணம் புவி வெப்பமடைதல் என்று எழுதி, பசுமைக் குழுவில் இன்னும் ஆறு பேரைச் சேர்க்கவும் அனுமதி வாங்கினான்.

நீலா தேங்காய் உடைத்தாள். கூடவே, "ஏன்னா, இனிமே அந்தக் கையால விபூதி சம்படத்தைத் தொடாதேங்கோ," என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை வைஷு முந்தின நாள் தயிர்சாதத்தோடு வந்து நின்றாள். "சார், நல்லா இருக்கான்னு தொட்டுச் சொல்லுங்களேன்." அடுத்த நாள் கணக்குப் பிரிவிலிருந்து நாலு டப்பா. வாரக் கடைசிக்குள் கண்ணாடிச் சுவர் ஓரமாக வரிசை நின்றது. அவல் போஹா, சாம்பார், பயறு உசள், யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த பால்கோவா. ஒருவரும் மோந்து பார்ப்பதில்லை. மூடியைத் திறந்து நீட்டுவார்கள். வரிசையின் கடைசியில் அமல்ராஜ், கேண்டீன் குழம்பை அண்டாவோடு தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

"யோவ், உமக்குமா? உமக்கு மூக்கு இல்லையா?"

"இருக்கு சார், நல்லாவே இருக்கு," என்றார் அமல்ராஜ். "நாளைக்கு எவனுக்காவது வயித்தால போச்சுன்னா என் மூக்கை யாரு சார் நம்புவா? நான் காண்ட்ராக்ட்டு. உங்க விரல் பர்மனெண்ட்டு."

சங்கரன் வரிசையைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.