கிட்டங்கிச் சுவரில் என் முதுகு

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். பாதி மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கொடைக்கானலில் மழை ஓய்ந்த நாளைக்கூடப் பார்த்திருக்கிறேன், செவுத்துக்காரர் கை ஓய்ந்த நாளைப் பார்த்ததில்லை. அவர் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது; சுவரில் படம் போடுகிறவர், அதனால் செவுத்துக்காரர். பஜாரில் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கும் கிட்டங்கி வைத்திருந்த பாயிடம், "ஒரு வாரத்துல ஒரு படம் போட்டுத் தாரேன்" என்று வெளிச்சுவரைக் கேட்டு வாங்கினார். அது ஐம்பத்தாறாம் வருஷமோ ஐம்பத்தேழோ. அந்த ஒரு வாரம் ஆறேழு வருஷம் ஓடியது.

படம் வேறொன்றுமில்லை, எங்கள் பஜார்தான். பஜாரில் எது மாறினாலும் மறுநாள் வெள்ளனே சுவரிலும் மாறிவிடும். காவி, கரி, துணிக்குப் போடும் நீலம், இவைதான் அவர் சாயம். கிட்டங்கி நாய் ஐந்து குட்டி போட்டது, சுவரிலும் ஐந்து. ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போகப் போக, அவரும் ஒவ்வொன்றாக அழித்தார். கடைசிக் குட்டியை அழித்தபோது தாய் நாய் அவரைப் பார்த்துக் குரைத்ததாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

பாய்க்கு ஒரே குறை. "ஏங்க, என்னையக் கொஞ்சம் இளச்ச மாதிரி போட்டா என்னங்க?"

"நீங்க இளைங்க பாய். மறுநாளே போட்டுர்றேன்."

நான் சுவருக்கு எதிரே சாக்கை விரித்துப் பூண்டு விற்றேன். செவுத்துக்காரர் பார்த்தால் கூச்சத்தில் திரும்பிக்கொள்வேன். அதனால் சுவரில் எனக்கு முகம் கிடையாது. நீல ஸ்வெட்டர், தோளில் சிவப்பு ஒட்டுத்துணி, அவ்வளவுதான்.

ஒரு சீசனுக்கு முன்னால் பஜாரை ஒழுங்குபண்ண ஓர் அதிகாரி வந்தார். மூன்று வருஷமாக உட்காருகிறவர்களுக்கு மட்டும் இடமாம். என்னிடம் சீட்டு எதுவும் இல்லை. இடம் போனால் பிள்ளைகளோடு வத்தலக்குண்டுக்கு இறங்க வேண்டியதுதான். நான் சாக்கைச் சுருட்ட ஆரம்பித்தேன். செவுத்துக்காரர்தான் பிரஷ்ஷோடு வந்தார்.

"அந்தா கெடக்கு பாருங்க சார், சாட்சி."

"தெனம் அழிச்சு அழிச்சுப் போடுற படமாமே. இத நேத்து போட்டிருப்பீங்க."

"தொட்டுப் பாருங்க."

அதிகாரி சுவரில் இருந்த என் முதுகைத் தொட்டார். விரலில் பச்சையாக ஒட்டியது. படம் முழுக்கப் புதுச் சாயம். என் முதுகில் மட்டும் பாசி.

"இது ஒண்ணுதான் சார் நான் தொடாதது. இந்தம்மா என்னைக்காச்சும் திரும்பும், அன்னைக்கு மாத்திக்கலாம்னு விட்டு வச்சிருக்கேன். நாலு வருசமாச்சு."

"இது இவங்க முதுகுதானா?"

பாய் என்னைப் பார்த்தார். "வெரசாத் திரும்பி உக்காரு தங்கச்சி. மத்த நாளெல்லாம் திரும்பத்தான செய்வ."

உட்கார்ந்தேன். அதே ஸ்வெட்டர், அதே தோளில் ஒட்டு. பஜாரே சிரித்தது. அதிகாரியும் சிரித்துக்கொண்டே என் பெயரை எழுதிக்கொண்டார்.

மறுநாள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். பாசியைச் சுரண்டிவிட்டு மூன்று நாள் வரைந்தார். மூக்கு பெரிதாகிவிட்டது.

"சரியா இருக்கா?"

"இருக்குண்ணே" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அது.

அடுத்த வருஷம் எனக்கு முன்பல் ஒன்று விழுந்தது. சுவரில் விழவில்லை.

மூக்குத்தியை எந்தப் பக்கம் வைத்தார் என்பது நினைவில்லை. எனக்கு இப்போது மலையேற முட்டி விடுவதில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது, சுவர் இருக்கிறதா, நான் சொன்னதெல்லாம் சரிதானா என்று பார்த்து எழுதுங்கள். முகத்தில் பாசி பிடித்திருந்தால் சுரண்ட வேண்டாம்.