ஹோல்டில் ஒலித்த மாப்பிள்ளை

மாமியாரின் ஆபீஸில் வேலைக்குச் சேர்கிற எந்த மாப்பிள்ளைக்கும் முதல் மாதத்திலேயே எதையாவது மாற்றிக் காட்ட வேண்டும் என்று ஓர் அரிப்பு வரும். சிலர் நாற்காலியை மாற்றுவார்கள். சிலர் சுவருக்கு வேறு வண்ணம் அடிப்பார்கள். புத்திசாலிகள். நாற்காலியும் பேசாது, சுவரும் பேசாது. நான் போனை மாற்றினேன்.

சிங்காநல்லூரில் என் மாமியார் நடத்துவது தண்ணீர் பம்புகளுக்கு உதிரி பாகம் விற்கிற சின்ன ஆபீஸ். மாமனார் தோட்டத்தோடு சரி; வியாபாரம் முழுக்க அத்தைதான். ஆறு பேர், ஒரு குடோன், ஒரே ஒரு போன். அதை எடுத்துப் பேசுபவர் சரஸ்வதி அக்கா. அவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தால் மற்ற ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் எங்கேஜ்டு சத்தம்தான். லைன் கிடைத்தவருக்கும் கரகரப்புக்கு நடுவில் பாதி வார்த்தைதான் கிடைக்கும்.

நான் பீளமேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அப்போதுதான் அங்கே சேர்ந்திருந்தேன். என் மனைவி கவிதா சிபாரிசு. அத்தை மறுக்கவில்லை. "ஒரு மாசம் பாக்கலாமுங்க மாப்பிள்ளை. ஒத்து வரலீன்னா மறுபடியும் பீளமேட்டுக்கே போய்க்கலாம். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்லீங்க" என்றார். (இதைவிட மரியாதையாக ஒரு மனிதனை யாரும் மிரட்ட முடியாது.)

"போனை என்கிட்ட விட்டுருங்க அத்தை" என்றேன். இன்டர்நெட் வழியாகப் பேசுகிற போன் சர்வீஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போடுவது என்று முடிவானது. எங்கள் பழைய நம்பர் அப்படியே இருக்கும். ஒரே நேரத்தில் நாலு பேர் கூப்பிட்டாலும் நாலும் உள்ளே வரும். சும்மா இருப்பவர் எடுக்கலாம். எல்லோரும் பேச்சில் இருந்தாலோ, ரெண்டு மணிக்குள் யாரும் எடுக்காவிட்டாலோ, கூப்பிட்டவர் ஹோல்டில் காத்திருப்பார்.

மூன்று கம்பெனிகளை வரவழைத்தேன். பதினான்கு கட்டம் போட்டு ஓர் அட்டவணை தயாரித்தேன். வந்த விற்பனைக்காரர்களை நான் கேட்ட கேள்விகளில் ஒருவருக்கு வியர்த்தே விட்டது. (ஏ.சி. ஓடவில்லை என்பதும் ஒரு காரணம்.) சரஸ்வதி அக்கா மட்டும் ஓரமாக நின்று, "ஏனுங்க தம்பி, வெளியிலிருந்து நாம ஒருக்கா கூப்புட்டுப் பாத்துப்போட்டு அப்புறம் மாத்திக்கலாமுங்களா?" என்று கேட்டார். "அதெல்லாம் நான் பாத்துக்கறேனுங்க அக்கா" என்றேன். ஒரு விமானியிடம் சீட் பெல்ட் போடத் தெரியுமா என்று கேட்டதுபோல இருந்தது எனக்கு.

அட்டவணையில் அதிகம் டிக் வாங்கிய சர்வீஸைத் தேர்ந்தெடுத்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், தேர்வில் பிழையே இல்லை. அந்த சர்வீஸில் ஒரு வசதி: ஹோல்டில் இருப்பவர் காதில் பாட்டுக்குப் பதிலாக நம்முடைய சொந்த அறிவிப்பையே ஒலிக்க விடலாம். கம்பெனியே ஓர் இனிமையான பெண் குரலைத் தருவதாகச் சொன்னது. நான் மறுத்துவிட்டேன். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கிய குரல் ஒன்று வீட்டிலேயே இருக்கும்போது அடுத்தவர் குரல் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனில் பதிவு செய்தேன். திருப்தி வரும்வரை இருபது தடவைக்கு மேல்.

திங்கட்கிழமை புதுப் போன்கள் வந்து உட்கார்ந்தன. என் மேசையிலிருந்து சரஸ்வதி அக்கா மேசைக்குக் கூப்பிட்டேன். கண்ணாடி மாதிரி கேட்டது. அக்கா மேசையிலிருந்து குடோனுக்கு, குடோனிலிருந்து அத்தைக்கு. எல்லாம் அருமை. "சோதனை முடிந்தது" என்று அறிவித்தேன்.

பத்து மணிக்கு மேல் அழைப்புகள் கொட்ட ஆரம்பித்தன. என் கம்ப்யூட்டரில் எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. ஹோல்டுக்குப் போனவர்கள் யாருமே வைக்கவில்லை. பொறுமையாக மூன்று நிமிடம், நான்கு நிமிடம் காத்திருந்தார்கள். சிலர் பேசி முடித்து வைத்துவிட்டு உடனே மறுபடியும் கூப்பிட்டார்கள்.

சரஸ்வதி அக்கா குழப்பத்தோடு வந்தார். "தம்பி, பல்லடத்துக்காரர் பேசுனாருங்க. வால்வு வேணும்னாரு. சரீன்னேன். அப்புறம், 'அம்மணி, என்னைக் கொஞ்சம் ஹோல்டுல போடுங்க, மீதியையும் கேட்டுப்போடறேன்'ங்கறாருங்க."

எனக்குப் புல்லரித்தது. அத்தையின் அறைக்குப் போய், "குரல் புடிச்சுப்போச்சாம் அத்தை, மறுபடியும் மறுபடியும் கேக்கறாங்க" என்றேன். அத்தை கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அப்புடீங்களா?" என்றார். அந்த முகத்தில் முதல் முறையாக ஒரு மதிப்பு தெரிந்தது. பீளமேடு அந்த நிமிடம் வெகுதூரம் போய்விட்டது.

மூன்று மணி இருக்கும். வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியவர் தாராபுரத்துப் பழனிச்சாமி அண்ணன். எங்கள் சரக்கில் பெரும்பங்கு அவர் கடை வழியாகத்தான் போகும். அவரை இழந்தால் குடோனில் பாதியைப் பூட்டிவிடலாம். எதையும் போனிலேயே முடிக்கிறவர் ஒரு நாளும் நேரில் வந்ததில்லை. போனில் அவர் குரல் மூன்று மேசை தாண்டிக் கேட்கும். இன்றோ மெல்லப் பேசினார்.

"வணக்கமுங்க. எனக்குப் போனே எதுக்குன்னு கேட்டீங்களாமுங்க மாப்பிள்ளை. சரிதான்னு நேருலயே வந்துட்டேனுங்க."

எனக்குப் புரியவில்லை. அத்தைக்கும் புரியவில்லை. "உக்காருங்க, என்னவாச்சுங்க?" என்றார் அத்தை.

பழனிச்சாமி அண்ணன் தன் செல்போனை மேசைமேல் வைத்தார். ஸ்பீக்கரைப் போட்டு எங்கள் ஆபீஸ் நம்பரை அழுத்தினார். பக்கத்தில் மணி அடித்தது. "எடுக்காதீங்க அம்மணி" என்று சரஸ்வதி அக்காவைத் தடுத்தார். இரண்டு மணி அடித்து அழைப்பு ஹோல்டுக்குப் போனது. என் குரல் வந்தது.

"தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்."

நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு செருமல். மறுபடியும் அதே வாக்கியம், இன்னும் கட்டையான குரலில். பிறகு கவிதாவின் குரல்.

"ஏனுங்க, எத்தன தடவ? எப்பவும் பேசற மாதிரியே பேசுங்களேன்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது கண்ணு. இனி அந்தத் தாராபுரத்துப் பழனிச்சாமி அண்ணன் கத்தவே வேண்டாம். அவரு போடற சத்தத்துக்குப் போனே எதுக்குங்கறேன்? அமராவதி ஆத்தங்கரைல நின்னு கூப்புட்டா சிங்காநல்லூருக்குக் கேக்கும்."

நான் செல்போனை நோக்கிக் கையை நீட்டினேன். அத்தை என் கையை ஒரு பார்வையால் நிறுத்தினார்.

"அம்மா இதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டாங்களா?" என்றாள் செல்போன் கவிதா.

"உங்கம்மா சொல்றதுக்கெல்லாம் மண்டைய ஆட்டிப்போட்டு நம்ம இஷ்டத்துக்குச் செஞ்சர வேண்டியதுதான். ஆறே மாசம். அவங்க சீட்டுல நான் உக்காந்திருப்பேன். அவங்களுக்கு ஒரு சால்வையப் போத்தி ஊட்டுல உக்கார வெச்சரலாம்."

"எங்கம்மா காதுல உளுந்துதுன்னா இருக்குது உங்களுக்கு."

"எப்புடி உளுகும்? இந்த ரூமுல நீயும் நானுந்தான."

அதன் பிறகு கதவு சாத்துகிற சத்தம். பிறகு, கொஞ்சமும் வெட்கமில்லாமல், மீண்டும் ஆரம்பத்திலிருந்து: "தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்."

என்ன நடந்தது என்பது எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. இருபது பதிவுகளில் இருப்பதிலேயே பெரிய ஃபைலாகப் பார்த்து ஏற்றியிருந்தேன். பெரிய ஃபைல் என்றால் ஒலித்தரம் அதிகம் என்பது என் படிப்பு. அது பெரிதாக இருந்ததற்குக் காரணம், நடுவில் நான் நிறுத்த மறந்ததுதான். ஆபீசுக்குள்ளேயே கூப்பிட்டுப் பார்த்தால் இந்த ஹோல்டு வராது. காலையிலிருந்து கொங்கு நாடே கேட்டுவிட்டது, என் ஆபீஸைத் தவிர.

பூமி பிளக்கவில்லை. நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

"அண்ணா, மன்னிச்சுப்போடுங்க" என்று ஆரம்பித்தேன். குரல் கட்டையாக வரவில்லை, கீச்சென்று வந்தது.

பழனிச்சாமி அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "இருங்க மாப்பிள்ளை. நான் ஏன் கத்தறேன் தெரியுமுங்களா? உங்க பழைய போனுல நீங்க பேசறது எனக்கு ஒரு எழுத்தும் கேக்காதுங்க. எனக்குக் கேக்கலைன்னா உங்களுக்கும் கேக்காதுன்னு சத்தமாப் பேசுவேன். இன்னைக்குத்தானுங்க மொத மொதல்ல உங்க ஆபீசுல பேசுனது ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக் கேட்டுது." அத்தையின் பக்கம் திரும்பினார். "நல்ல போனுங்க. எடுத்தறாதீங்க. வரும்போது கார்ல நாலு தடவ கேட்டேன், என்ற டிரைவரு சிரிச்சுச் சிரிச்சு வண்டியவே ஓரங்கட்டிட்டானுங்க."

சொல்லிவிட்டுத் தன் இயல்பான சத்தத்தில் சிரித்தார். ஜன்னல் அதிர்ந்தது. (அந்த ஆற்றங்கரை விஷயத்தில் நான் பெரிதாகத் தப்புச் சொல்லிவிடவில்லை.) கையோடு அடுத்த மாதச் சரக்குக்கும் பட்டியல் கொடுத்துவிட்டுப் போனார்.

கார் கிளம்பிய பிறகு அத்தை, "மாப்பிள்ளை, இந்தப் பேச்சை எங்கீங்க அழுத்திப் பதியோணும்?" என்று கேட்டார். காட்டினேன். ஒரே தடவைதான் பேசினார். செருமல் இல்லை, கட்டைக் குரல் இல்லை. அதை ஏற்றியதும் சரஸ்வதி அக்கா தன் செல்போனுடன் தெருவுக்குப் போய், அங்கிருந்து கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, உள்ளே பார்த்துத் தலையசைத்தார்.

வருஷங்கள் ஓடிவிட்டன. அதே சர்வீஸ்தான், அதே குரல்தான். இன்றைக்கு எங்கள் நம்பருக்கு யார் கூப்பிட்டாலும் அத்தை சொல்வார்: "வணக்கமுங்க. சாமான் வேணும்னா ஒண்ணை அழுத்துங்க. புகார் சொல்லோணும்னா ரெண்டை அழுத்துங்க, எங்க மாப்பிள்ளை எடுப்பாருங்க." ரெண்டை அழுத்தினால் என் செல்போன் அடிக்கும். எந்த ஊரில் எந்த மோட்டார் நின்றாலும் அடிக்கும். சீட்டில் அத்தைதான் இருக்கிறார். பீளமேட்டுக்குப் போகச் சொல்லவில்லை. இனி நான் கேட்டாலும் விடமாட்டார்.

சொந்தக்காரர்களுக்குள் என் பெயரே ரெண்டாம் நம்பர் என்றாகிவிட்டது. கல்யாணப் பந்தியில் ரசத்தில் உப்பில்லை என்று யாராவது முணுமுணுத்தால், "ரெண்டை அழுத்துங்க" என்று என் பக்கம் கை நீட்டுகிறார்கள். போன வாரம் என் நாலு வயது மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, என் தொப்பையில் விரலால் ரெண்டு தடவை அழுத்தினாள்.

"சொல்லுங்க அம்மணி" என்றேன்.

"அம்மா திட்டறாங்க" என்றாள். சமையலறையிலிருந்து கவிதாவின் குரல் வந்தது: "ஹோல்டுல மட்டும் போட்டறாதீங்க!"