கிளியரன்ஸ் சாரும் ஐப்பசி மழையும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓடிய அத்தனை வண்டிகளுக்கும் அடியில் குனிந்து பார்த்த ஒரே மனிதர் எங்கள் கிளியரன்ஸ் சார்தான். மேலே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

அறுபதுகளின் ஆரம்பம். விழுப்புரத்தில் ஓர் ஆபீசில் அவர் டைப்பிஸ்ட், நான் தற்காலிக குமாஸ்தா. பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கிவிட்டு, மழைக்கு எந்த டயர் போடுவது என்று இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார். பீடி, சிகரெட் கிடையாது. ஆனால் சட்டைப்பையில் எப்போதும் தீப்பெட்டி இருக்கும். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற வண்டிகளின் டயர் பட்டனுக்கு நடுவே இருக்கிற பள்ளத்தில் தீக்குச்சியைச் செருகிப் பார்ப்பார். மருந்து முழுகினால் மழை டயர், வெளியே தெரிந்தால் வெயில் டயர். காற்றைப் பிடுங்க வந்த ஆள் என்று ஒரு லாரி டிரைவர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். இவர் அசரவில்லை. பின்சக்கரம் வெயில் டயர், பார்த்துப் போ என்று அந்த டிரைவருக்கே புத்தி சொல்லி அனுப்பினார்.

அடுத்தது கிளியரன்ஸ். கார் வயிற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு செங்கல் நிமிர்ந்து நுழைய வேண்டும் என்பது அவர் சட்டம். லாரிப் பட்டறையில் ஸ்பிரிங்குக்குக் கூடுதல் பட்டை போட்டார், நாலு ஜீப் டயர் மாட்டினார். செங்கல் நுழைந்தது. கார்தான் அதன் ஷெட்டுக்குள் நுழையவில்லை. ஏறுவதற்கு முக்காலி வேண்டியிருந்ததால் அவர் சம்சாரம் கோயிலுக்கு ரிக்‌ஷாவிலேயே போய்வந்தார்.

அந்த ஐப்பசியில் எனக்குத் திண்டிவனத்தில் நிரந்தர வேலைக்கு ஆர்டர் வந்தது. கைக்கு வந்ததே கடைசி நாள் காலையில்தான். மாலை ஐந்துக்குள் சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். வெளியே பேய்மழை. பஸ் நின்றுவிட்டது, ரயிலைப் பற்றிக் கேட்டால் ஸ்டேஷனில் யாரும் முகம் கொடுக்கவில்லை. சார் மட்டும் குஷியாகக் காரோடு வந்து நின்றார்.

"ஏறு தம்பி. இந்த மழைக்குத்தான வண்டியவே ரெடி பண்ணிக்கினு இருந்தேன்."

ஏறினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். தண்ணீர் தேங்கிய இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தினார். ஆழம் பார்க்கக் குடைக்கம்பில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார் மகானுபாவர். முதல் பள்ளத்திலேயே கோடு கரைந்துபோனது. அப்புறம் என் கால்தான் அளவுகோல். நான் இறங்கி நிற்க வேண்டும், முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே தண்ணீர் இருந்தால் அவர் ஓட்டுவார். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் பதினேழு தடவை இறங்கினேன். மணி மூன்று. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். ஜல்தி பண்ணினால் வண்டி கெட்டுவிடும் என்று நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

திண்டிவனத்துக்கு இரண்டு மைல் இருக்கும்போது ரோட்டின் குறுக்கே ஓடை. இறங்கினேன். தொடை வரை தண்ணீர். மணி நாலு. ஊரில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் இந்த வேலையைத்தான் நம்பியிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அரை விரற்கடைக்கும் இறங்கி வராத மனிதர் தண்ணீரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"ஏறி உக்காரு."

"சார், அளவு?"

"அத்த வுடு."

வண்டியை இறக்கினார். நடு ஓடையில் தண்ணீர் உள்ளே வந்து எஞ்சின் நின்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே தள்ளினார். கழனியிலிருந்து நாலு பேர் ஓடிவந்து கைகொடுத்தார்கள். கரையேறியும் கார் கிளம்பவில்லை. அதை அங்கேயே போட்டுவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தால், வாசலில் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார். காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

தலையாட்டினேன்.

"அப்ப தலய தொவட்டு. சளி புடிச்சிக்கப் போவுது."

வழியெல்லாம் அந்த மனுஷனை அவ்வளவு திட்டியிருந்தேன். சார் என்று கூப்பிட வாய் வரவில்லை.

"வாங்கண்ணா, ஒரு டீ சாப்பிடலாம்" என்றேன்.