மாமாவின் ஜீப்பை நான் மினுக்கிய கதை

ஓடாத வாகனத்தைத் திருத்தத் தெரியாதவனால் பெரிய ஆபத்து இல்லை. ஓடுகிற வாகனத்தைத் திருத்தப் புறப்படுகிறவனிடம்தான் ஊர் கவனமாக இருக்கவேண்டும். எண்பத்தைந்தாம் ஆண்டில் யாழ்ப்பாணத்து உடுவிலில் அப்படி ஒருவன் திரிந்தான். வயது இருபத்துமூன்று, வேலை இல்லை, மீசை மட்டும் இருந்தது. அவன் நான்தான்.

கொழும்பில் மெக்கானிக் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு ஊருக்கு வந்து சேர்ந்தவன் நான். படித்த பாதியில் மனதில் நின்ற பாடம் ஒன்றே ஒன்று: வாகனம் பழுதாவதற்கு முதலே அதைப் பராமரிக்கவேண்டும். (மற்றப் பாதியில் என்ன சொல்லிக்கொடுத்தார்களோ, ஆருக்குத் தெரியும்!) இந்த அறிவைக் காட்ட எனக்கு ஒரு வாகனம் தேவைப்பட்டது. மாமா வீட்டில் ஒன்று நின்றது.

மாமா என் அம்மாவின் தமையன். வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர். மலைநாட்டுத் தோட்டத்துத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன சொகுசு ஜீப்பை நல்ல காலத்தில் வாங்கியிருந்தார். தோல் சீட், உள்ளே பளபளவென்று மரப்பலகை, மணலோ சேறோ நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும். ஆனால் அப்போது அதன் கோலத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. முன் லைட்டில் ஒன்றைக் காணோம். பொனற் முழுக்கத் துருவேறிக் கறள். ஸ்டார்ட் செய்தால் சுருட்டுக் குடிக்கும் கிழவர் மாதிரி இருமும். பின் சீட்டில் வைக்கோலைப் பரப்பி ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

மாமாவுக்கு வசந்தி என்று ஒரு மகள். எங்கள் கலியாணத்தை அம்மாவும் மாமியும் முக்கால்வாசி பேசி முடித்திருந்தார்கள். மாமாதான் வாயே திறக்கவில்லை. அவர் கண் காட்டக் கொழும்புக்குப் போனார். திரும்பி வருவதற்குள் ஜீப்பைப் புதிதாக்கி நிறுத்தினால் அந்த வாய் தானாகத் திறக்கும் என்று நினைத்தேன்.

"அப்பா வரட்டும் அத்தான். கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ," என்றாள் வசந்தி.

"உமக்கு உதெல்லாம் விளங்காது. நீர் போய்த் தேத்தண்ணி போடும்," என்றேன். (இந்த ஒரு வசனத்துக்காக இன்றுவரை என் தேத்தண்ணியை நானேதான் போடுகிறேன்.)

நாலு நாள் வேலை. கோழியை முட்டைகளோடு குடிபெயர்த்தேன். பிளக்குகளைச் சுரண்டினேன், கார்பரேற்றரைக் கழற்றி மண்ணெண்ணெயில் குளிப்பாட்டினேன், கறளைத் தேய்த்துப் பச்சைப் பெயின்ற் அடித்தேன். சீட்டுக்குத் தேங்காயெண்ணெய் பூசி, வழுக்கி விழுகிற அளவுக்கு மினுக்கினேன். ஜீப்பின் சாமான் பெட்டிக்குள் கிடந்த மற்ற லைட்டையும் கண்டுபிடித்துப் பூட்டினேன். கழற்றி வைத்த லைட் ஏன் துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தது என்று யோசிக்கிற மூளை எனக்கு அப்போது இல்லை. திறப்பைப் போட்டுத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்தது!

அத்தோடு விட்டேனா? இணுவில் கோயிலடிக்குக் கொண்டுபோய் மாலை போட்டு, சில்லுக்கு எலுமிச்சங்காய் வைத்து நசித்தேன். பிறகு மானிப்பாய் வரை போய், தேவையில்லாத இடமெல்லாம் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தேன்.

அன்று பின்னேரம் மாமா வந்தார். கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"ஆரடா உதுக்குக் கலியாணம் பேசினது?"

"நான்தான் மாமா செய்தனான். முழுச் சேர்விஸ்!"

"வெளியிலை எடுத்தனியோ? ஆரும் பாத்தவையோ?"

"எல்லாரும் பாத்தவை மாமா! மானிப்பாய்ச் சந்தியிலை சைக்கிளாலை இறங்கி நிண்டு பாத்தவை!"

மாமா அப்படியே வாசற்படியில் இருந்துவிட்டார். ஓடுகிற வாகனங்களையெல்லாம் இயக்கப் பெடியள் 'இரவல்' வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. (எந்த இயக்கம் என்று கேட்கிற துணிவு ஒருத்தருக்கும் இல்லை.) லைட்டைக் கழற்றியது மாமா. உப்புத்தண்ணீர் தெளித்துக் கறள் பிடிக்க வைத்ததும் மாமா. கோழிக்கு வைக்கோல் பரப்பியதும் அவரே. வீட்டாருக்குக்கூடச் சொல்லாமல் அவர் செய்துவந்த பராமரிப்பு அதுதான்.

"ரண்டு வருசமாய் இதைப் பிரேதம் மாதிரி வைச்சிருந்தனான்ரா. நாலு நாளிலை எழுப்பிப்போட்டியே!"

உடனே எல்லாருமாகச் சேர்ந்து அதைத் திரும்பச் சாகடிக்கத் தொடங்கினோம். மாமி சாணத்தைக் கரைத்து ஊற்றினா. மாமா எஞ்சினில் ஒரு வயரை இழுத்துவிட்டார். நான் கோழியைப் பிடித்துச் சீட்டில் வைத்தேன். அது எண்ணெயில் வழுக்கி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனது.

காலையில் மூன்று பெடியள் வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள்.

"ஐயா, ஜீப் ஒருக்கால் தேவை. ரண்டு நாளிலை தாறம்."

"உது ஸ்டார்ட் வராது தம்பி. செத்துப் போச்சு."

ஒருவன் பொனற்றைத் திறந்து குனிந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். "ஆரோ கைவைச்சிருக்கினம். வேலை தெரியாத ஆள் போலை. இனி உது வராது," என்று மூடப்போனான்.

மாமாவின் முகத்தில் உயிர் வந்தது. இரண்டு நிமிடம் நான் பேசாமல் நின்றிருந்தால் போதும். ஆனால் 'வேலை தெரியாத ஆள்' என்ற சொல் எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"ஆருக்கு வேலை தெரியாது? உந்த வயரைக் கொழுவிப்போட்டு ஸ்டார்ட் அடிச்சுப் பாரும்!"

வயரைக் கொழுவினான். அடித்தான். முதல் திருப்பிலேயே பிடித்தது.

மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குசினிக்குள் அடுப்படியில் மாமிதான் அழுதா. "உனக்குச் சீதனமாய்த் தரவெல்லோடா அந்த மனிசன் அதைப் பொத்திப் பொத்தி வைச்சது! எனக்கே ராத்திரித்தான் சொன்னது." ஜீப்போடு வசந்தியும் போய்விட்டாள் என்றே நினைத்தேன். இரண்டு நாள் போய் இரண்டு மாதமும் ஆயிற்று. ஜீப் வரவில்லை.

கடைசியில் வசந்திதான் தகப்பனிடம் வாய்விட்டுக் கேட்டாள். "எனக்கு அத்தான் மட்டும் காணும் அப்பா, வேறை ஒண்டும் வேண்டாம். ஜீப்பை விடுங்கோ."

மாமா சம்மதித்தார், ஆனால் என் அம்மாவிடம் ஒரு சொல் சொன்னார்: "தங்கச்சி, சீதனம் எண்டு என்னட்டை இனி ஒண்டும் கேளாதை. உன்ரை மோன்ரை சீதனம் றோட்டிலை ஓடுது."

இப்போதும் எங்கள் சொந்தத்தில் யாருக்காவது கலியாணம் பேசினால், என் பிள்ளைகள் வேண்டுமென்றே கேட்பார்கள்: "அம்மா, அப்பாவுக்கு என்ன சீதனம் குடுத்தவை?"

"ஜீப்," என்பாள் வசந்தி. "தானே மினுக்கி, தானே ஸ்டார்ட் பண்ணி அனுப்பிவைச்சவர்."