லோஷினி கல்யாணத்து ஒரு வெள்ளி

ரெங்கம்,
செப்டம்பர் 9

அன்பும் மரியாதையும் நிறைந்த லாபிஸ் ஊர் மச்சான் வீரமுத்து அவர்களுக்கு,

உங்கள் தங்கை அங்கம்மா நலம், மளிகைக் கடை நலம், கடைப் பூனையும் நலம். நலமில்லாதது வங்கியில் இருக்கும் என் பெயர் மட்டும்தான். அதற்குக் காரணம் உங்கள் மகள் லோஷினியின் கல்யாணம். பதறாதீர்கள், முழுசாகப் படியுங்கள்.

இருபத்திரண்டு வருஷமாக நான் வாடகைக்கு இருக்கும் கடையை அதன் முதலாளி, சீனத் தவுக்கே, விற்கப் போகிறார். கேட்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "வேற யாருக்கும் காட்டாதீங்க, நான் எடுத்துக்கறேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முன்பணம் இருக்கிறது, மீதிக்கு லோன். யாரிடமும் பத்துக் காசு கடன் வைக்காதவன், மாலை போட்டுக் கூப்பிடுவார்கள் என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனேன். அங்கே பிரேமலா என்று நம்ம பிள்ளை ஒருத்தி. கம்ப்யூட்டரைத் தட்டினாள், முகம் சுருங்கிப் போச்சு.

"அங்கிள், உங்க கிரெடிட் ஸ்கோர் ரொம்பக் கீழ இருக்கு. மூணு மாசம் பாக்கி காட்டுது."

"என்னம்மா பாக்கி? நான் கடனே வாங்கினதில்லையே!"

"அதுவும் ஒரு பிரச்சினைதான் அங்கிள். வாங்கிக் கட்டியிருந்தா மார்க் ஏறியிருக்கும்."

அலமாக்! கேட்டீர்களா நியாயத்தை? மாசாமாசம் கிரெடிட் கார்டைத் தேய்க்கிறவன் யோக்கியன், ரொக்கத்துக்கு வாங்கி ரொக்கத்துக்கு விற்கிற நான் யாரென்றே தெரியாதவன்!

பாக்கி வந்த கதை இதுதான். வைகாசியில் இதே வங்கியில் கரண்ட் கணக்கு திறந்தேன். அவர்கள் மேல் நம்பிக்கை இல்லாததால் சரியாக ஆயிரம் வெள்ளிதான் போட்டேன். ஓவர்டிராஃப்ட் வசதி என்று ஒரு தாளை நீட்டினார்கள், கொசுறு கறிவேப்பிலை மாதிரி என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். முதல் செக் மங்களகரமாகப் போகட்டும் என்று லோஷினிக்கு மொய் எழுத உட்கார்ந்தால், மனசில் ஆயிரம், கை தானாக ஆயிரத்தொன்று என்று எழுதிவிட்டது. ஒன்று சேர்க்காமல் மொய் எழுத நம்ம கைக்கு வருமா? நீங்களும் மறுநாளே ஓடிப்போய்ச் செக்கைப் போட்டுவிட்டீர்கள், அவ்வளவு அவசரம்! வங்கி என்ன செய்தது? குறைந்த அந்த ஒரு வெள்ளியைத் தானே போட்டுக் கொடுத்துவிட்டு, செய்த உபகாரத்துக்கு ஐம்பது வெள்ளி கட்டணம் போட்டது. நான் நேராகப் போய்க் கவுண்டரில் ஒரு வெள்ளி நோட்டை வைத்து, "உங்க வெள்ளி, எண்ணிக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைக் கட்டணத்தில் கழித்துக்கொண்டு, அந்த ஒரு வெள்ளி அப்படியே நிற்கிறது என்று கடிதம் போடுகிறார்கள் மச்சான்! கடிதத்துக்குக் கட்டணம், தாமதத்துக்குக் கட்டணம், கட்டணத்துக்கு வட்டி. நானும் வீம்பாக விட்டுவிட்டேன். இன்றைக்கு நூற்று அறுபத்து மூன்று வெள்ளி நாற்பது காசில் நிற்கிறது. என் கடையில் ஒரு வெள்ளி குறைந்தால் "பரவால்லம்மா, நாளைக்குக் கொடு" என்கிறேன். இவர்களை மாதிரி நான் வியாபாரம் பண்ணியிருந்தால் ரெங்கம் பாதி என் பேரில் இருந்திருக்கும்.

ஆகவே நீங்கள் உடனே ஒரு கடிதம் எழுத வேண்டும்: "மொய்யில் அந்த ஒரு வெள்ளி கட்டாயம், அது சம்பிரதாயம், கடன் அல்ல." அதைக் காட்டி மேனேஜரிடம் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்பதாகப் பிரேமலா சொல்லியிருக்கிறாள். எது எப்படியானாலும் அந்தக் கட்டணத்தில் ஒரு காசு கூட நான் கட்ட மாட்டேன். கடையே கை விட்டுப் போனாலும் சரி!

லோஷினியும் மாப்பிள்ளையும் எல்லாச் செல்வமும் பெற்று, ஓவர்டிராஃப்ட் இல்லாமல் வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்,
லெட்சுமணன்

பி.கு.: கடிதம் எழுத வேண்டாம் மச்சான். ஒட்டுவதற்கு முன்னால் அங்கம்மா இதைப் படித்துவிட்டு, "ஏங்க, மொய்க் கவர்ல நான்தான் ஒரு வெள்ளி நோட்ட வெச்சு ஒட்டினேனே, செக்குல எதுக்கு மறுபடி ஒன்னு?" என்று கேட்டாள். நான் வங்கிக்குப் போய் மொத்தத்தையும் கட்டிவிட்டு வந்தேன். பாக்கி தீர்ந்த தாளோடு மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கிறாள் பிரேமலா. தவுக்கேயிடமும் சொன்னேன். "லெட்சு, இருபத்திரண்டு வருஷம், ஒரு மாசம் வாடகை லேட் இல்ல லா. தீபாவளி வரைக்கும் நான் துங்கு, காத்திருக்கேன், வேற ஆளுக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார். அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை. இப்போது என் கவலையெல்லாம் வேறு. லோஷினிக்குப் போனது ஆயிரத்து இரண்டு, இரட்டைப்படை! இத்துடன் ஒரு வெள்ளி வைத்திருக்கிறேன், ஆயிரத்து மூன்றாக்கிவிடுங்கள். ரொக்கம்தான், தைரியமாகக் கொடுக்கலாம்.