மூன்றாவது சுழி

ஒரு காட்டில், கொசுவே காக்கை அளவுக்குப் பறக்கும் காட்டில், ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. அதற்கு ஒரே கவலை. பாறையில் நகத்தால் கீறி வைக்கும் உத்தரவுகளை ஒரு பிராணியும் படிப்பதில்லை.

"அது எழுத்து மாதிரியா இருக்கு மகாராஜா? முள்வேலி மாதிரி இருக்கு," என்றது ஓணான். எதற்கும் தலையாட்டும் என்பதால் அதை மந்திரியாக்கியிருந்தார்கள். "இப்பல்லாம் குண்டெழுத்துதான். முனையே கிடையாது. உப்பின பூரி கணக்கா மொழுமொழுன்னு இருக்கும். கன்னத்தைக் கிள்ளத் தோணும்."

அப்படி எழுதத் தெரிந்தது கரடிக்குத்தான். உள்ளங்கையைச் செம்மண்ணில் தோய்த்து அப்பினால் ஓர் எழுத்து.

"எழுது," என்றது சிங்கம். "அரசர் ஆணை. நாளை முதல் தினம் ஒரு முயல் சாப்பாட்டு வேளைக்கு என் குகைக்கு வரவேண்டும்."

கரடி அப்பியது. தலைப்பு முடிவதற்குள் பாறை முடிந்துவிட்டது.

"மிச்சம் எங்கடா?"

"இது தலைப்புக்கான எழுத்துங்க. பொடி விஷயத்தை இதுல எழுதினா அழகு போயிடும்."

சிங்கம் 'அ'வின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தது. சொக்கிப்போய் அப்படியே விட்டுவிட்டது.

விடிந்ததும் முதல் ஆளாக முயல் ஓடி வந்தது. ஓணான் வாய் சும்மா இருக்குமா? விஷயம் கசிந்திருந்தது, முயலுக்கு உயிர்ப் பிரச்சினை. அண்ணாந்து பார்த்தது. 'ண' கொழுத்த கொழுப்பில் மூன்றாவது சுழிக்கு இடமில்லாமல் இரண்டோடு நின்றிருந்தது.

முயல் காதை நிமிர்த்திக்கொண்டு காடே கேட்க வாசித்தது: "அரசர் ஆனை!"

"ஆமால்ல! ஆனையாம்!"

"எழுத்தே ஆனை மாதிரிதானப்பா இருக்கு!"

குளத்தில் புரண்டுகொண்டிருந்த ஆனையை இழுத்து வந்து மாலை போட்டார்கள். அது மாலையைத் தின்றது. இன்னொன்று போட்டார்கள்.

சிங்கம் பாய்ந்து வந்தது. ஆனையின் காலைப் பார்த்துவிட்டுப் பாய்ச்சலை நடையாக்கிக்கொண்டது. "அடேய், அது ஆணைடா! மூணு சுழி!"

"எண்ணிப் பாருங்கண்ணே," என்றது முயல். நேற்றுவரை மகாராஜா. "ரெண்டுதான் இருக்கு."

"டேய் கரடி, இன்னொரு சுழி போடு!"

"போடலாங்க. ஆனா பாறையில கைவைக்கணும்னா அரசர் ஆணை வேணுமே."

சிங்கம் வேறு வழியில்லாமல் ஆனையைக் கும்பிட்டது. ஆனைக்குத் தங்கமான மனசு. "அதுக்கென்ன தம்பி, ஒரு ஆணை போட்டுட்டா போச்சு!"

கரடி பக்கத்துப் பாறையில் புது ஆணையை அப்பியது. தலைப்போடு அந்தப் பாறையும் தீர்ந்தது: அரசர் ஆனை.

"மறுபடியும் நம்ம ஆளுதான்!" என்று காடு கூத்தாடியது. ஓணான் தலையாட்டியது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், சிங்கத்தின் உத்தரவு வீண்போகவில்லை. தினம் ஒரு முயல் சாப்பாட்டு வேளைக்கு டாண் என்று குகைக்கு வந்துவிடுகிறது, தலையில் ஆனை ராஜா கொடுத்தனுப்பும் ஒரு கரும்புக் கட்டோடு.

"மெதுவா மென்னு சாப்பிடுங்கண்ணே. சக்கையை முழுங்கிடாதீங்க."

நீதி: தலையெழுத்தை யாராலும் மாற்ற முடியாது. குண்டாக்கிவிட்டால் அதுவே மாறிக்கொள்ளும்.